சர்வேயரின் எடை

மாசிலாமணி மண்ணைப் பற்றிக் கற்றுக்கொள்ளச் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. அவருடைய ஆசிரியைக்கு முப்பத்தொன்பது. இதில் அவர்கள் இருவருக்கும் கூச்சம் ஏதும் இல்லை. ஊருக்குத்தான் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது.

முப்பத்தைந்து வருடம் அவர் அரசாங்க சர்வேயராக இருந்தார். காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். அவர் சங்கிலி பிடிக்காத காடு அங்கே கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும்தான் அளந்திருக்கிறார். ஒரு சாண் கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததே இல்லை. காபி ஆறி ஏடு கட்டியது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போய்ச் சேர்ந்த இடம் வெள்ளகோவில் சாலையில் இருந்த ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு. மங்கையர்க்கரசி அங்கே மண் பரிசோதனைக் கூடம் நடத்திவந்தார். கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் மண் நிரப்பிய பாட்டில். கற்றுக்கொள்ள வருகிறவர்களை வா என்று சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சம்பந்தமில்லாத வேறொன்றைத் திருப்பிக் கேட்பது அவர் வழக்கம். முதலில் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும். மாசிலாமணிக்கு மட்டும் மூன்று வருடம் ஆகியும் பழகவில்லை.

ஆனாலும் டீச்சர் என்றால் அவருக்கு உயிர். டீச்சருக்கும் அவரிடம் அப்படித்தான். மற்றவர்களுக்கு டீ வரும்போது இவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாக ஒரு தம்ளரில் வரும். ஒரு நாள்கூட அது மாறி வந்ததில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதமே டீச்சர் அவரிடம் ஒரு காட்டை ஒப்படைத்தார். பழனாத்தாளின் காடு. ஒன்றரை ஏக்கர் செம்மண். பழனாத்தாளின் கணவர் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டினால் அதிகம். பண்ணையம் முழுக்கப் பழனாத்தாள் பொறுப்பு. இனிமேல் உழவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். காய்ந்த ஓலையையும் சோளத்தட்டையும் மூடாக்காக நிலத்தின்மேல் பரப்பிவிட வேண்டும், அதை விலக்கி விதையை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான், மண் தானாகப் பொலபொலவென்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

பக்கத்துக் காடு கொழுந்தன் சென்னியப்பனுடையது. இரண்டும் ஒன்றாக இருந்து பாகம் பிரிந்தவை. உழாத நிலம் கட்டாந்தரையாகிவிடும், நாளைக்கு அண்ணன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று சென்னியப்பன் குதித்தார். பேச்சு முற்றி இருவரும் டீச்சரிடம் வந்து நின்றார்கள். மூன்று வருடம் கருவி வைத்துப் பார்க்கலாம், நிலம் இறுகியிருந்தால் டிராக்டர் இறங்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று பழனாத்தாள் வாக்குக் கொடுத்தார். சென்னியப்பனும் தலையாட்டினார்.

கருவி புதுவகை. இடுப்பளவு கம்பம், உச்சியில் சின்னதாக ஒரு சோலார் தகடு, அடியில் மண்ணுக்குள் இரண்டு சென்சார். ஒன்று அரைச் சாண் ஆழத்தில், இன்னொன்று இரண்டு சாண் ஆழத்தில். மண்ணில் எவ்வளவு ஈரம் என்று கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அவை போனுக்குச் சொல்லும். வீட்டில் ஈஸிசேரில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். பழனாத்தாள் காட்டில் ஐந்து கம்பம், சென்னியப்பன் காட்டில் ஐந்து கம்பம் நட்டார்கள். அது போக, கூர்முனை வைத்த எஃகுக் கம்பி ஒன்று. மண்ணில் ஊன்றி அழுத்தினால் மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று கைப்பிடியில் எண் காட்டும். எண் இருபதைத் தாண்டினால் அந்த மண்ணில் வேர் இறங்காது. அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற ஊசி மாதிரி இருந்ததால் பழனாத்தாள் அதற்குக் குத்தூசி என்று பேர் வைத்தார். டீச்சரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மாசிலாமணி அந்தக் காட்டின்மேல் ஆசை வைத்துவிட்டார். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாம் போனிலேயே தெரியும் என்றாலும் தினமும் ஒரு நடை போய்விடுவார். தகட்டில் தூசி படிந்திருக்குமே என்று துண்டால் துடைப்பார். ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று போனைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், திரும்பப் போனைப் பார்ப்பார். மாதம் பிறந்தால் கம்பத்தடியில் குத்தூசியை ஊன்றி எண்ணைக் குறித்துக்கொள்வார். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் உள்ளே இறங்குகிறதை அந்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும் அவருக்கு. மழை விட்ட கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுவார். பேசாமல் அந்தக் காட்டையே கட்டியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

மூன்று வருடம் முடிந்த பிறகுதான் நோட்டைக் காட்டுவேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மறைத்து மறைத்தே வைத்திருந்தார். டீச்சரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

மூன்று வருடம் முடிந்தது. நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"டீச்சர், கருவி பொய் சொல்லுங்களா?"

"என்ன சொல்லுதுங்ணா?"

"பழனாத்தா காடு இறுகிப்போச்சுங்க."

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். ஒன்பதில் ஆரம்பித்த குத்தூசி எண் இப்போது இருபத்துநான்கு. மழை பெய்தால் மேல் சென்சார் நிறைந்துவிடுகிறது, கீழ் சென்சார் அசையமாட்டேன் என்கிறது. அதே மழை சென்னியப்பனின் உழுத காட்டில் விறுவிறுவென்று கீழே இறங்குகிறது. ஒரு கம்பம் பழுதாகியிருக்கலாம் என்றால், ஐந்துமா பழுதாகும்? கூடத்திலிருந்த இன்னொரு குத்தூசியை எடுத்துப்போய்க் குத்தியும் பார்த்துவிட்டார். அதே எண்தான். விஷயம் சென்னியப்பன் காதுக்குப் போய்விட்டது. நாளைக் காலையில் டிராக்டரோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மூணு வருஷம் தட்டையும் ஓலையும் சுமந்து போட்டாங்க டீச்சர் அந்தம்மா. கால் மணி நேரத்துல புரட்டிப் போட்டுருவாங்க. நான் போய் நின்னு என்னன்னு சொல்றது?"

டீச்சர் நோட்டை வாங்கிப் பிரித்தார். சர்வேயர் கையெழுத்து, வரைபடத்தில் எழுதுவது போல் சின்னச் சின்னதாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். 'போனேன். துடைத்தேன்.' 'மழை. உடனே போனேன். துடைத்தேன்.' 'பலத்த மழை. இரண்டு தடவை போனேன்.' பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது. டீச்சர் நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மூன்றாவது நோட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

"எடை எவ்வளவுங்ணா?"

"எதோட எடைங்க?"

"உங்க எடைதான்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தன் வயிற்றை அவர் ஒரு நாளும் மறைத்ததில்லை, அதற்காக இந்த நேரத்தில் கேட்க வேண்டுமா என்று இருந்தது.

"தொண்ணூத்திரண்டுங்க" என்றார் சுவரைப் பார்த்து.

"சென்னியப்பன் காட்டுல ஒரு நாய் இருந்துச்சே, இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"கடிக்குமா?"

"என்னையக் கண்டாலே அதுக்கு ஆகாதுங்க. கம்பம் நட்ட அன்னிக்குப் போனதோட சரி. அந்தப் பக்கம் எல்லாம் போன்லயே பார்த்துக்கறேன்."

"சரிங்ணா. காலைல நானும் வர்றேன். கம்பம் நட்டதுக்கப்புறம் ஒரு தடவையாவது நான் வந்து பாத்திருக்கணும்."

அவ்வளவுதான். மாசிலாமணி வெளியே வந்துவிட்டார். ஒரு பெண்பிள்ளையின் மூன்று வருடப் பாடு பாழாகப் போகிறது, இங்கே நாயையும் தொந்தியையும் விசாரிக்கிறார்கள் என்று மனசு கொதித்தது. சர்க்கரை போடாத டீ மேசைமேல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் போனபோது டிராக்டர் வரப்போரம் நின்றிருந்தது. பின்னால் ஐந்து கொத்துக் கலப்பை. சென்னியப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு. டீச்சரைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பழனாத்தாள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மாசிலாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே ஆறுதலும் சொன்னார். நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க, கருவி சொல்றதைத்தானே சொல்ல முடியும், சொன்ன சொல்லுக்கு நான் குறுக்கே நிக்கமாட்டேன் என்றார். அதைக் கேட்டதும் மாசிலாமணி மோர்த் தம்ளரை வரப்பில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

டீச்சர் வரப்பில் நின்று காட்டைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பழுப்பு மூடாக்கு ஒரே சீராகப் பரந்திருந்தது. நடுவில் ஐந்து கம்பங்கள், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஐந்து தகடுகள். அவர் குத்தூசியைக் கேட்கவில்லை.

"ஷூவைக் கழட்டுங்ணா."

மாசிலாமணி கழற்றினார்.

"கண்ணை மூடிக்கிட்டு அந்த நடுக் கம்பத்துக்குப் போயிட்டு வாங்க."

சென்னியப்பன் பதறிப்போய், வேண்டாமுங்க டீச்சர், சோளத்தட்டு தடுக்கிப் பெரியவர் விழுந்துவிடுவார் என்றார். டீச்சர் கேட்காத மாதிரி இருந்தார். மாசிலாமணிக்கும் ஏதாவது கேட்க வேண்டும் போல்தான் இருந்தது. ஆனால் டீச்சர் சொல்லி அவர் செய்யாமல் இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினார்.

நடந்தார். தடவவில்லை, தயங்கவில்லை. இருபது எட்டு வைத்ததும் காரணமே இல்லாமல் இடது பக்கம் திரும்பினார். மேலே நடந்தார். அறுபதாவது எட்டில் நின்று கையை நீட்டினார். கை சரியாகத் தகட்டின்மேல் பட்டது. கண்ணைத் திறந்தார். சென்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எப்படிங்ணா போனீங்க?" டீச்சர் வரப்பிலிருந்தே கேட்டார்.

"காலுக்குத் தெரிஞ்சுதுங்க." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ரெண்டடி தள்ளி நில்லுங்க."

தள்ளிக் காலை வைத்தார். புட்டு மாவில் வைத்தது போல் பாதம் மெத்தென்று அமுங்கியது. எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. மறுபடி தள்ளி வைத்தார், மறுபடி எடுத்தார்.

பிறகு மாசிலாமணி மெல்ல மண்டியிட்டார். இரண்டு கையாலும் மூடாக்கை விலக்கினார். அடியில் ஒரு முழ அகலத்தில் வழவழவென்று ஒரு தடம் கிடந்தது. மண்டியிட்டபடியே தட்டையும் ஓலையையும் தள்ளித் தள்ளி அதன் பின்னாலேயே போனார். தடம் கம்பத்தடிக்குப் போய் அங்கே வட்டமாக, நெல்லடிக்கிற ஒரு சின்னக் களம் போல் விரிந்தது. அங்கிருந்து அடுத்த கம்பத்துக்கு இன்னொரு தடம் கிளம்பியது. அங்கேயும் ஒரு களம். ஐந்து கம்பமும் ஒன்றோடொன்று இப்படித்தான் சேர்ந்திருந்தன. எந்த இடத்தில் நின்று அவர் போனைப் பார்ப்பாரோ அந்த இடமெல்லாம் மெழுகிவிட்டது போல் மின்னியது.

டீச்சர் குத்தூசியைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். நீங்களே எங்க வேணும்னாலும் குத்திப் பாருங்க என்றார். சென்னியப்பன் ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவர். செருப்பை விட்டுவிட்டுத் தடத்தின்மேலேயே நடந்து, இரண்டு பக்கமும் கைக்கு எட்டிய தூரமெல்லாம் ஊன்றி, முப்பது இடத்தில் எண் எடுத்தார். தடத்தின்மேல் இருபத்துநான்கு, இருபத்தைந்து. மற்ற இடங்களில் ஏழு, ஆறு, சில இடத்தில் ஐந்து. மூன்று வருடத்துக்கு முன்பு இதே காடு ஒன்பது காட்டியது.

மாசிலாமணி கம்பத்தடியில் உட்கார்ந்தே இருந்தார். மழை விட்ட கையோடு ஓடிவந்த நாளெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. குடியானவன் யாரும் ஈரக் காட்டில் காலை வைக்கமாட்டான், ஈரத்தில் மிதித்த மண் அப்படியே கட்டிவிடும். இது அவருக்குத் தெரியாத விஷயமா? முப்பத்தைந்து வருடம் வரப்பிலேயே நடந்தவர். டீச்சர் பாடத்தில் சொன்னதையும் இதே கையால் எழுதி வைத்திருக்கிறார். போனில் எண் ஏறுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில் காலடியைப் பார்க்கவில்லை.

பழனாத்தாள் அருகில் வரவில்லை, வரப்பிலேயே நின்றார். மாசிலாமணி அங்கிருந்து அவரைக் கேட்டார்.

"நான் நடந்த தடம் ஒரு நாள்கூட என் கண்ணுல படலியே, ஏங்கம்மா?"

பழனாத்தாள் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க போனதுக்கப்புறம் நான் தட்டை இழுத்து மூடிருவனுங்கண்ணா. வெறுந்தரையா வெயில்ல கெடக்குமேன்னு."

"மிதிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு ஆசையா வர்றீங்க. வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது? படிச்சவங்க, கருவிக்கு அப்படி மிதிக்கணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். அந்த எடத்துல மட்டும் நான் வெதை போடறதில்லீங்க."

மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தினமும் தகட்டைத் துடைத்த துண்டு. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தான் போட்ட தடத்தின்மேலேயே நடந்து வரப்புக்கு வந்து சென்னியப்பன் எதிரில் நின்றார். பதவியில் இருந்த காலத்தில் அளவு தப்பு என்று யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, ஒப்புக்கொள்ளும்படி நேர்ந்ததும் இல்லை.

"இறுகுனது காடு இல்லீங்க. நான் நடந்த தடம். நான் சொன்னது தப்பு."

சென்னியப்பன் கையிலிருந்த குத்தூசியைப் பார்த்தார். வரப்பில் கிடந்த ஷூவைப் பார்த்தார், எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அண்ணி பக்கம் திரும்பிப் பார்த்தார். டிராக்டரில் ஏறி உட்கார்ந்து கலப்பையைத் தூக்கிக்கொண்டார். வண்டியைத் திருப்புவதற்கு முன் மனசு கேட்காமல் மாசிலாமணியைக் கூப்பிட்டார். நாயை இனிமேல் கட்டிப்போடறேன், எங்க பக்கமும் வந்து போங்க சர்வேயரே என்றார்.

"நாயைக் கட்டாதீங்க" என்றார் டீச்சர்.

பழனாத்தாள்தான் முதலில் சிரித்தார். அடுத்தது சென்னியப்பன். மாசிலாமணிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. முந்தின நாள் கேட்ட இரண்டு கேள்வியும் அப்போதுதான் அவருக்குள் இறங்கின. டீச்சர்மேல் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. டிராக்டர் போன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மூணு நோட்டையும் கிழிச்சுப் போட்டறட்டுங்களா டீச்சர்?"

"எதுக்குங்ணா? அதுல ஒரு எண்ணும் தப்பில்லையே."

டீச்சர் முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தார். அங்கே காட்டுக்குள் வைத்த கருவிகளின் பட்டியல் இருந்தது. சோலார் தகடு ஐந்து, மேல் சென்சார் ஐந்து, கீழ் சென்சார் ஐந்து, குத்தூசி ஒன்று. பேனாவைத் திறந்து அதற்கு அடியில் எழுதி அவரிடம் நீட்டினார். மாசிலாமணி படித்தார். 'மாசிலாமணி, ஒன்று. தொண்ணூற்றிரண்டு கிலோ, ஷூ இல்லாமல்.'

அந்த வாரமே மண் அமுங்காமலிருக்கப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று, கம்பங்களைப் பிடுங்கித் தடத்தை விட்டுத் தள்ளி மிருதுவான மண்ணில் நட்டார்கள். பலகையை எடுத்த பிறகு யாரும் உள்ளே இறங்கவில்லை. தடத்தில் பழனாத்தாள் நிறைய ஓலையாகப் போட்டார். இரண்டு மழை பார்த்தால் சரியாகிவிடும், மண்புழு பார்த்துக்கொள்ளும் என்றார். மாசிலாமணி இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன், எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பழனாத்தாளின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு பையில் கொள்ளுப் பயறு போட்டுக் கொடுத்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. நல்ல மழை. மாசிலாமணி ஈஸிசேரில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். போய்த்தான் தொலையுங்களேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஷூவைத் தொடாமல் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வரப்பில் ஏற்கெனவே ஒரு குடை நின்றது. டீச்சர். அவருக்கும் காலில் செருப்பு இல்லை. மாசிலாமணியைப் பார்த்து ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மழை மூடாக்கின்மேல் விழுந்து சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் வீட்டு வாசலிலிருந்து பழனாத்தாள் இவர்களைப் பார்த்துவிட்டார். மோர் வேண்டுமா, டீ வேண்டுமா என்று கையால் சாடை கேட்டார்.

போன் அதிர்ந்தது. மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கீழ் சென்சார் அசைந்திருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் இன்னும் ஏறியது. அடுத்த கம்பத்திலும் ஏறியது. தண்ணீர் இரண்டு சாண் ஆழத்துக்குப் போய்விட்டது. அவர் போனை டீச்சர் பக்கம் நீட்டினார். வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது, காட்டுக்குள் வைக்கப் போனது. அதைப் பிடித்து இழுத்து வரப்பிலேயே வைத்தார். டீச்சர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

மழை குறைந்தது. போகலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"டீச்சர், நோட்டை மூடுன ஒடனே என் எடையைக் கேட்டீங்களே. காட்டுக்கு வராமயே எப்படிங்க தெரிஞ்சுது?"

டீச்சர் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அந்த ஐந்து கம்பங்களையும் பார்த்தார்.

"மொதமொதல்ல எனக்கும் ஒரு காடு குடுத்தாங்க" என்றார். "அப்ப நான் அம்பத்தோரு கிலோங்ணா."